சுவரில் வைத்த புறங்கை

அவர் ஆச்சரியப்பட்டு நான் பார்த்ததில்லை. ஐந்தாறு வருடம் பழகிய ஒரு மனிதரின் வாயிலிருந்து ஒரு தடவைகூட "அப்படியா?" என்ற வார்த்தை வராமல் இருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஊரில் யாராவது செத்தாலும், பிள்ளை பிறந்தாலும், மழை வந்தாலும், பஸ் வராவிட்டாலும் அவர் சொல்வது ஒன்றுதான். "தெரிஞ்சதுதானே."

சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவர் போர்மேன். நான் விருதுநகர் பஜாருக்குள், ஒரு மிளகாய் வத்தல் கமிஷன் கடையின் மாடியில் இருந்த ஷேர் புரோக்கர் ஆபீசில் வேலை பார்த்தேன். வாடிக்கையாளர்கள் சொல்கிற ஷேரைக் கம்ப்யூட்டரில் தட்டி வாங்கிக் கொடுப்பது, விற்றுக் கொடுப்பது. கீழே வத்தல் மூட்டையைப் பிரித்துக் கொட்டும்போதெல்லாம் மாடியில் இருக்கிற எல்லோருக்கும் இருமல் வரும். மார்க்கெட் ஏறினாலும் இருமினோம், இறங்கினாலும் இருமினோம். புதிதாக வருகிறவர்கள் அதை நஷ்டத்தின் சத்தம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

முதல் நாள் வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை. வெள்ளை வேட்டி, சந்தனக் கலர் சட்டை, பாக்கெட்டில் சீப்பு. நேராக வந்து என் மானிட்டரின் பக்கவாட்டில் புறங்கையை வைத்தார். "சூடு ஏறியிருக்கே தாயி. இன்னைக்கு வாங்கக் கூடாது," என்றார். அது பழைய டப்பா மானிட்டர், எந்நேரமும் அடுப்பாகத்தான் கிடக்கும். கிறுக்குப் பிடித்த மனிதர் என்று நினைத்தேன். அன்றைக்கு மத்தியானம் மார்க்கெட் இறங்கியது. அவர் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, வாங்காமலேயே இறங்கிப் போனார்.

அந்தப் புறங்கையின் கதையை எஸ்தர் அக்காதான் சொன்னாள். அவள் என் கூடப்பிறந்தவள். அத்தான் காய்ச்சலில் போன பிறகு, மகளைக் கூட்டிக்கொண்டு ஆனைக்குட்டத்தில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். அவர் போர்மேனாக இருந்த கம்பெனியில்தான் அவளுக்கும் வேலை. காலையில் கம்பெனி வேன் அவளை ஏற்றிக்கொண்டு போகும், டவுன் பஸ் என்னை ஏற்றிக்கொண்டு எதிர்த்திசையில் போகும்.

பட்டாசில் மருந்து கலக்குவதுதான் ஆபத்தான வேலை. வெயில் ஏறுவதற்குள் கலக்கி முடித்துவிட வேண்டும். மிஞ்சின மருந்தை வைத்திருக்கக் கூடாது, அழித்துவிட வேண்டும். இதெல்லாம் சட்டத்திலும் இருக்கிறது, போர்டிலும் எழுதி மாட்டியிருக்கிறது, யாரும் வாசிப்பதில்லை. அவருக்குச் சட்டம் புறங்கைதான். ஷெட்டு ஷெட்டாகப் போய்ச் சுவரில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். சுட்டால், "போதும், எந்திரிங்க." அவ்வளவுதான். கடிகாரம் என்ன சொன்னாலும், முதலாளி என்ன சொன்னாலும் அன்றைக்கு அதோடு சரி.

ஒரு கத்திரி வெயிலில், பெரிய ஆர்டர் நின்றுகொண்டிருந்த சமயம், சீக்கிரமே எல்லோரையும் எழுப்பி வெளியே வேப்பமரத்தடிக்குத் துரத்திவிட்டார். முதலாளி மகன் ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்து, "லோடு நிக்குது. யாரைக் கேட்டு நிறுத்துனீக?" என்று சத்தம் போட்டிருக்கிறான்.

"செவுத்தக் கேட்டேன்," என்றாராம் இவர்.

ஜீப் திரும்பிப் போன கொஞ்ச நேரத்தில், வடக்கே எங்கோ ஒரு கம்பெனியில் வெடிச்சத்தம். மரத்தடியில் இருந்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பானையில் தண்ணீர் மோந்து குடித்துவிட்டு, "தெரிஞ்சதுதானே. கத்திரி, மத்தியானம், அவசர ஆர்டர்," என்றாராம்.

இந்தக் கதையை அக்கா எங்கள் வீட்டில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். சொல்லும்போதெல்லாம் அவளுக்குக் கண் கலங்கும், "அந்த மனுசன் இல்லாட்டி நான் இல்ல," என்பாள். எனக்கோ அந்தத் தண்ணீர்தான் தொண்டையில் நிற்கும். யாரோ நாலு பேர் கருகிய சத்தத்தைக் கேட்டுவிட்டு நிதானமாகத் தண்ணீர் குடிக்கிற ஒருவரை எப்படி நேசிப்பது என்று எனக்கு விளங்கவில்லை. அக்காவிடம் சொன்னால் சண்டைக்கு வருவாள் என்று சொன்னதில்லை.

ஷேர் மார்க்கெட்டுக்கும் அவர் ஒரு சுவர் கண்டுபிடித்து வைத்திருந்தார். "தாயி, எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு. கண்ணத் தொறந்து வச்சிருந்தா அது தன்னால தெரியும்," என்று தொடங்குவார். தொடங்கினால் நிறுத்துவது கஷ்டம்.

திங்கட்கிழமை மார்க்கெட் விழும். வெள்ளிக்கிழமை எழும். ஏன்? கம்பெனியில் திங்கட்கிழமைதான் அதிகமாகக் காயம் படும். ஞாயிறு லீவில் இருந்த கை திங்கட்கிழமை வேலைக்குப் பழகாது, உதறும். பம்பாய்க்காரனுக்கும் கை கைதானே. அதனால் திங்கட்கிழமை விழும்போது வாங்கு, செவ்வாய் புதனில் தெளியும், வெள்ளிக்கிழமை விற்றுவிடு. "செவ்வாக்கிழமை எதையும் தொடங்கக் கூடாதுன்னு சொல்லுவாகளே அண்ணாச்சி," என்று ஒரு தடவை வாயைக் கிளறினேன். "அது நம்ம ஊருக்கு. ஷேருக்குச் செவ்வாதான் உசிரு வார நாள்," என்றார்.

அப்புறம் தீபாவளி. வடநாட்டு வியாபாரி பட்டாசுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, விற்க வேண்டியதை விற்று, பையை நிரப்பி வைத்திருப்பான். அடுத்த ஆர்டருக்கு முன்பணம் அனுப்புகிறவரைக்கும் அந்தப் பணம் சும்மா தூங்குமா? ஷேரில் போடுவான். ஆகவே தீபாவளிக்கு வாங்கினால் பொங்கலுக்கு முந்தி விற்கலாம். "மே மாசம் மட்டும் மருந்தையும் தொடக் கூடாது, ஷேரையும் தொடக் கூடாது. ரெண்டும் வெடிக்கும்," என்பார். வேடிக்கை என்னவென்றால் அந்த வருடங்களில் இரண்டு மே மாதங்களில் மார்க்கெட் நிஜமாகவே வெடித்தது. ஆபீசில் படித்தவர்கள் எல்லாம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, அவர் கம்பெனி கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையிலிருந்து ஒரு ரூபாய்க் காயின் போட்டு எனக்குப் போன் பண்ணினார். "எறங்கிருச்சா தாயி? தெரிஞ்சதுதானே. வச்சிர்றேன்."

தீபாவளி அன்று சாயங்காலம் பம்பாயில் நல்ல நேரம் பார்த்து ஒரு மணி நேரம் வியாபாரம் நடத்துவார்கள். அதற்காக வருடா வருடம் எங்கள் ஆபீசைத் திறப்போம். வேதக்காரராக இருந்தும் அவர் தவறாமல் வந்துவிடுவார். எங்கள் கிறிஸ்தவச் சபைதான் அவருக்கும். பஜாரில் வெடித்துக் கிடக்கிற காகிதத்தில் தன் கம்பெனிச் சரக்கு எது என்று குனிந்து பார்த்துக்கொண்டே வந்து, மானிட்டரில் புறங்கையை வைத்து, ஒரே ஒரு ஷேர் வாங்கச் சொல்லிவிட்டு இறங்கிப் போவார்.

சபையிலும் இதே சங்கதிதான். எந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் போதகர் ஐயர் கட்டட நிதி கேட்பார் என்று முந்தின வாரமே சொல்லிவிடுவார். ஐயர் பிரசங்கத்தில் தொண்டையைச் செருமியதும் பக்கத்தில் இருப்பவரை முழங்கையால் இடிப்பார். ஐயர் கேட்பார். இவருக்குக் காணிக்கை போடுவதைவிட அதில்தான் சந்தோஷம். அவர் வீட்டம்மா ஒரு நாள் சபை வாசலில் என்னிடம் சொன்னார்கள். "நான் அழுதாக்கூட என்னன்னு கேக்க மாட்டாரும்மா. மாசக் கடைசி, அழுகத்தான் செய்வன்னு சொல்லிட்டுப் பேப்பரப் புரட்டுவாரு." சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த மூன்று நாலு வருடம் மார்க்கெட் ஏறிக்கொண்டே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு எதை வாங்கினாலும் ஏறியது. காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான், ஆனால் வருடம் தவறாமல் பழம் விழுந்தால் காக்காய்க்கும் கொஞ்சம் கர்வம் வரும்.

கம்பெனிப் பெண்கள் தீபாவளி போனசை அவரிடம் கொடுக்கத் தொடங்கியது அந்த நாட்களில்தான். தீபாவளி முடிந்தால் கம்பெனிக்குக் கொஞ்ச நாள் லீவு, தை பிறக்கிறவரைக்கும் வேலையும் மந்தம். அந்த இடைவெளியில் போனஸ் கரைந்து போகும். அவரிடம் கொடுத்தால் தன் கணக்கில் ஷேர் வாங்கிப் போட்டு, பொங்கலுக்கு முந்தின வாரம் விற்று, முதலோடு லாபத்தையும் சேர்த்துக் கையில் கொடுப்பார். தனக்கென்று பத்துப் பைசா எடுத்ததில்லை. அதையும் சொல்லியாக வேண்டும். பெண்கள் அதற்குப் பொங்கல் சீட்டு என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

எனக்குத் தெரிந்ததை நான் அக்காவிடம் சொன்னேன். ஷேர் இறங்கவும் செய்யும், அவர் ஜோசியம் பார்க்கிறார், மருந்து வேறு இது வேறு என்றேன். அக்கா துணி மடித்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"உசிரயே அவரு கையில குடுத்துட்டு உள்ள போறோம். போனசக் குடுக்க என்ன?"



எங்கள் மேனேஜர் மதுரைக்காரர், டை கட்டுவார். போர்மேன் அண்ணாச்சியின் திங்கள் வெள்ளி முறை ஆபீசில் எல்லோருக்கும் பரவிவிட்டது. பருப்பு வியாபாரி, ரிட்டயர்டு வாத்தியார், நர்சம்மா எல்லோரும் திங்கட்கிழமை காலையில் வாங்க வரிசையில் நின்றார்கள். அப்படி எல்லோரும் நிற்க ஆரம்பித்த வருடத்தில் திங்கட்கிழமைகள் விழவில்லை. வெள்ளிக்கிழமை விழுந்தது, சில வாரம் வியாழனே விழுந்தது. போர்மேனுக்கு வந்ததே வருத்தம்.

"நான் வெளிய சொன்னதுல கெட்டுப் போச்சு," என்றார். விருதுநகரில் ஏழெட்டுப் பேருக்குச் சொன்னதில் பம்பாய் மார்க்கெட்டின் போக்கே மாறிவிட்டதாக அவர் மனதார நம்பினார்.

மேனேஜர் சிரித்தார். "உங்களுக்குத் தெரிஞ்சது நாட்ல எல்லாத்துக்கும் தெரிஞ்சிருச்சு அண்ணாச்சி. இது நடக்கும்னு எல்லாரும் முன்னாடியே போய் நின்னா, அப்புறம் அது நடக்காது. மார்க்கெட் அப்படித்தான்."

 "மருந்துல மட்டும் எல்லாருக்கும் தெரிஞ்சும் நடக்குதே சார்," என்றார் போர்மேன்.

மேனேஜருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கு அன்றைக்கு அந்த மனிதர் மேல் ஒரு மரியாதை வந்தது என்னவோ உண்மை. அந்த வாக்கியத்தைச் சொன்னவர் அதையே யோசித்துப் பார்த்திருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்கும். அவர் யோசிக்கவில்லை. திங்கள் வெள்ளி கெட்டால் என்ன, தீபாவளி பொங்கல் இருக்கிறதே என்று அடுத்ததற்குத் தாவிவிட்டார்.

இரண்டாயிரத்து ஏழு தீபாவளிக்கு அக்கா போனசை மட்டும் கொடுக்கவில்லை. மகள் பேரில் போட்டு வைத்திருந்ததையும், அத்தான் போனபோது வந்த பணத்தில் மிச்சமிருந்ததையும் எடுத்துக் கொடுத்தாள். மல்லாங்கிணற்றில் ஒரு மாவு மில் விலைக்கு வந்திருந்தது. பழைய மில்தான், அரிசியும் மிளகாயும் அரைக்கிறது. கிழவர் ஒருவர் நடத்த முடியாமல் விற்கிறார். பொங்கல் கழித்துப் பணம் தருகிறேன் என்று அக்கா வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். அவள் கையில் இருந்ததற்கும் கிழவர் கேட்டதற்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி. அந்த இடைவெளியைப் போர்மேன் அண்ணாச்சியின் பொங்கல் சீட்டு அடைத்துவிடும் என்பது அவள் கணக்கு.

"இந்த சீசனுக்கு முன்பணம் வாங்க மாட்டேன்," என்று வீட்டில் சொன்னாள். கம்பெனி முன்பணத்தை வாங்கிவிட்டால் அடுத்த தீபாவளிவரைக்கும் வேறு பக்கம் திரும்ப முடியாது. வாங்காமல் இருப்பது என்றால் இனிமேல் மருந்துப் பக்கமே போவதில்லை என்று அர்த்தம். மகளுக்கு முன்னால் அதைச் சொன்னபோது அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டும். அத்தான் போன பிறகு அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. மில்லுக்கு என்ன பெயர் வைப்பது என்று அம்மாவும் அவளும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பொங்கலுக்கு முந்தின வாரம் போர்மேன் வந்தார். மார்க்கெட் தள்ளாடிக்கொண்டிருந்தது. விற்றால் லாபம் உண்டு, ஆனால் போன வருட லாபம் இல்லை.

"வித்துருங்க அண்ணாச்சி. ஒங்க முறைப்படியே பொங்கல் வந்திருச்சு," என்றேன்.

"போன வருசத்த விடக் கொறச்சு எப்படித் தாயி குடுக்க? அதுக மூஞ்சில எப்படி முழிக்க? ஒங்க அக்காவுக்கு மில்லு இருக்கு. ஒரு வாரம் பாப்போம்."

தன் முறையை அவரே மீறியது அப்போதுதான். மீறியதற்குக் காரணம் பேராசை இல்லை, பெருமையும் பாசமும் பாதிப் பாதி. எது எத்தனை பங்கு என்று நான் இன்றுவரை பிரித்துப் பார்க்க முயன்று தோற்றிருக்கிறேன்.

பொங்கல் முடிந்து ஒவ்வொரு நாளும் சரிந்தது. அடுத்த திங்கட்கிழமை சரியவில்லை, இடிந்தது. ஆபீசில் நிற்க இடமில்லை. ரிட்டயர்டு வாத்தியார் தரையில் உட்கார்ந்துவிட்டார். போர்மேன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். முகத்தில் ஒரு கலவரமும் இல்லை, சொல்லப்போனால் வெளிச்சமாக இருந்தது.

"திங்கக்கெழம," என்றார். "பாத்தியா? முறை திரும்ப வந்திருச்சு. வாங்கு தாயி."

"பணம் இல்லையே அண்ணாச்சி."

அவர் மேனேஜரைப் பார்த்தார். இருக்கிற ஷேரை ஈடாக வைத்துக்கொண்டு மேலே வாங்குவதற்குக் கடன் கொடுக்கிற ஏற்பாடு எங்கள் ஆபீசில் இருந்தது. மேனேஜருக்கு அன்றைக்கு யாராவது எதையாவது வாங்கினால் போதும் என்று இருந்தது. நான் வேண்டாம் என்று போர்மேன் முகத்துக்கு நேரே சொன்னேன். அக்கா காசும் அதில் இருக்கிறது என்றேன். "ஒங்க அக்காவுக்காகத்தான் தாயி," என்று சொல்லிக் கடனுக்கு வாங்கினார்.

செவ்வாய்க்கிழமை காலை மார்க்கெட் திறந்த கையோடு விழுந்த விழுகையில், பம்பாயில் வியாபாரத்தையே நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஒரு மணி நேரம் திரையில் எதுவும் அசையவில்லை. அந்த நேரத்தில் மெட்ராஸிலிருந்து மேனேஜருக்குப் போன் வந்தது. கடனுக்கு வாங்கியவர்கள் உடனே பணம் கட்ட வேண்டும், கட்டாதவர்களின் ஷேரை எல்லாம் திறந்ததும் விற்றுவிட வேண்டும்.

"ஒரு நாள் பொறுங்க சார். நாளைக்கு எந்திரிச்சிரும். எனக்குத் தெரியும்," என்று அவர் மேனேஜரிடம் கேட்டார். குரல் உயரவே இல்லை. மேனேஜர் டையைத் தளர்த்திவிட்டுக்கொண்டு, "என் கையில இல்ல அண்ணாச்சி," என்றார்.

விற்றது நான்தான். அது என் வேலை. மார்க்கெட் திறந்ததும் அவர் கணக்கில் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக விற்றேன், கிடைத்த விலைக்கு. அவர் என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடனைக் கழித்துக்கொண்டது போக மிஞ்சியது, தீபாவளிக்கு அந்தப் பெண்கள் கொடுத்ததில் ஒரு ஓரம்கூட வராது. கீழே யாரோ வத்தல் மூட்டையைப் பிரித்தார்கள். எல்லோரும் இருமினோம்.

புதன்கிழமை மார்க்கெட் எழுந்தது.

அன்றைக்கும் அவர் வந்தார். அதைத்தான் நான் மன்னிக்கவில்லை. தலை குனிந்து வந்திருந்தால், வராமலே இருந்திருந்தால், அழுதிருந்தால் மன்னித்திருப்பேன். திரை முழுக்கப் பச்சையாக இருப்பதைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது. "சொன்னேன்ல தாயி? எந்திரிச்சிரும்னு சொன்னேனா இல்லையா?" என்று மேனேஜருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். கையில் ஒரு ஷேர் கிடையாது. கம்பெனியில் இருபது பெண்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அவர் சொன்னது நடந்துவிட்டது, அது போதும் அவருக்கு.

"எங்க அக்காகிட்ட வந்து இதச் சொல்லுங்க," என்றேன். அப்போதுதான் அவர் முகம் இறங்கியது.

வந்து சொன்னார். அதற்கு முந்தியே வீட்டம்மாவின் செயினை விற்று ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கிட்டுக் கொண்டுவந்தார். "முறை தப்பல தாயி. ஒரு நாள்தான் முந்திருச்சு," என்று அக்காவிடமும் சொன்னார். அக்கா அவருக்குக் காப்பி கொடுத்தாள். அழவில்லை. சத்தம் போட்டது நான்தான், அம்மா என்னை அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டாள். மல்லாங்கிணறு மில்லை வேறு யாரோ வாங்கினார்கள். அக்கா கம்பெனி முன்பணத்தை வாங்கிக்கொண்டாள்.

"மறுபடியும் அந்த ஆளுக்குக் கீழயா?" என்று கேட்டேன்.

"ஷேர்ல தப்புப் பண்ணிட்டாரு. மருந்துல தப்புப் பண்ண மாட்டாரு," என்றாள்.

அந்த சீசனில் அவர் பெண்களிடம் ஒன்று சொல்லியிருக்கிறார். "எண்ணிக்கை கூட்டிப் போடுங்க. கூலி கூட வரும். ஒங்க பணத்த இந்த வருசமே நான் எடுத்துக் குடுத்துர்றேன்." எத்தனை பட்டாசு முடிக்கிறார்களோ அதற்குத்தான் அங்கே கூலி. எண்ணிக்கை கூட வேண்டுமென்றால் மருந்து கூட வேண்டும், மருந்து கூட வேண்டுமென்றால் நேரம் கூட வேண்டும். முதலாளி வீட்டில் யாரும் இதைக் கேட்கவில்லை. அவராகத்தான் கொடுத்தார். முதலில் கால் மணி நேரம், அப்புறம் அரை மணி நேரம். மிஞ்சின மருந்தை அழிப்பதற்குப் பதிலாக, "இதையும் முடிச்சிருங்க," என்றார். அந்தப் பெண்கள் இழந்ததைத் திருப்பிக் கொடுக்க அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

எனக்கு வயிறு எரிவது இதற்காகத்தான். பம்பாயில் இல்லாத முறையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஊர்க் காசைத் தொலைத்தார். வாழ்நாள் முழுக்கப் பொய்க்காத முறை ஒன்று அவர் கையில் இருந்தது. அந்தக் காசைத் திருப்பிக் கொடுப்பதற்காக அதை விட்டுக்கொடுத்தார்.

மே மாதம். கத்திரி. மத்தியானத்துக்கு முந்தி. கலக்குகிற அறையில் வெடித்தது. அங்கே இருந்தவர் பிழைக்கவில்லை. அடுத்த ஷெட்டில் இருந்த நாலைந்து பேருக்குத் தீக்காயம். அக்காவுக்கு இரண்டு கையும், கழுத்தில் ஒரு பக்கமும்.

போலீஸ் முதலில் போர்மேனைத்தான் பிடித்துக்கொண்டு போனது. அது எப்போதும் அப்படித்தான், முதலாளிகளுக்கு அன்றைக்கென்று வெளியூர்ப் பயணம் வந்துவிடும். சில வாரம் கழித்து ஜாமீனில் வந்தார். வந்ததும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கூடவே கம்பெனி வைத்த வக்கீலின் குமாஸ்தா, வராண்டாவிலேயே நின்றுகொண்டார். எங்கள் சபை நர்சம்மா ஒருவர் அந்த வார்டில் இருந்ததால், பார்வை நேரம் முடிந்த பிறகும் அவரை உள்ளே விட்டார்கள்.

ஆள் பாதியாக இருந்தார். சட்டைப் பாக்கெட்டில் சீப்பு இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. அக்காவின் கை இரண்டும் கட்டுக்குள் இருந்தன. நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன், அக்கா கண்ணால் இரு என்றாள்.

"அண்ணாச்சி, சாப்பிட்டீகளா?" என்று கேட்டாள்.

அவர் தலையை ஆட்டினார்.

"அன்னைக்குச் செவுத்துல கை வச்சுப் பாத்தீகளா?"

அவர் தன் வலது கையைப் பார்த்தார். வராண்டாப் பக்கம் பார்த்தார்.

"தெரியல தாயி," என்றார்.

"சூடா இருந்துச்சா?"

"தெரியாது."

அந்த மனிதரின் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வக்கீல் சொல்லிக் கொடுத்திருப்பார். போலீஸ் கேட்டாலும், கோர்ட்டில் கேட்டாலும் தெரியாது என்றே சொல்லுங்கள் என்று. கொண்டுவந்த ஆரஞ்சுப் பழத்தை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, மெதுவாக வெளியே போனார். குமாஸ்தா அவர் பின்னால் போனான். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. வீட்டம்மாவோடு அவர் ஊரைவிட்டே போய்விட்டதாகச் சபையில் பேசிக்கொண்டார்கள்.

அன்றைக்கு அவர் வராண்டாவைத் தாண்டியதும் அக்கா வாயைத் திறந்தாள்.

"வச்சாரு," என்றாள். "நான் பாத்தேன். எங்க ஷெட்டுச் செவுத்துலதான் வச்சாரு. வெடுக்குன்னு கைய எடுத்தாரு. அம்புட்டுச் சூடு."

"அப்புறம்?"

"எங்களப் பாத்தாரு. ஒன்னும் சொல்லாமப் போயிட்டாரு."

"நீ எந்திரிச்சு வந்திருக்கலாமில்ல? ஒனக்கும் தெரியுமே, சுட்டா நிறுத்தணும்னு."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கட்டுப் போட்ட கையைத் தூக்கப் பார்த்து முடியாமல் விட்டாள்.

"அவரு எந்திரிக்கச் சொல்லலையே," என்றாள்.